முதல் ஒரு நிமிடம்: நம்ம குறும்படத்தை எங்கே தொடங்குவது?



இந்த மாதச் சுவரிதழில் எனக்கு மட்டும் இரண்டு சார்ட் இடம் தந்த ஆசிரியர் குழுவுக்கு முதலில் நன்றி. நின்னுக்கிட்டே படிக்கணும், கால் வலிக்கும். அதனால காலை இடைவேளையில் பாதி, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் மீதி என்று பிரிச்சுப் படிச்சுக்கோங்க.

ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஐந்து நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்து வருகிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். அதைக் கேள்விப்பட்ட எல்லாரும் எங்களிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "எந்தப் போன்ல எடுக்கிறீங்க? கேமரா எத்தனை மெகாபிக்சல்?" டீச்சருடைய சாதாரணப் போன்தான். ஆனால் "படத்தை எங்கே இருந்து தொடங்குறீங்க?" என்று ஒருத்தர் கூடக் கேட்கவில்லை. எங்களுக்கு அதிக நாள் பிடித்ததே அந்தக் கேள்விக்குத்தான். அதற்காகப் படித்தது, பார்த்தது, செய்தது எல்லாத்தையும் இங்கே பாடமாக எழுதுகிறேன். ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புத் தம்பி தங்கைகள் அடுத்த வருஷம் படம் எடுக்கும்போது உதவும்.

1. தொடக்கம் என்ன வேலை செய்கிறது?

உலகத்தில் முதன்முதலாகக் கட்டணம் வாங்கித் திரையிட்ட சினிமாக் காட்சிகளில் முக்கியமானது 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸ் நகரில் லூமியர் சகோதரர்கள் நடத்தியது. அன்று காட்டிய படங்கள் ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவுதான். தொழிற்சாலைக் கதவு திறக்கும், தொழிலாளர்கள் வெளியே வருவார்கள், அவ்வளவுதான் படம். அப்போ ஒரு நிமிடம் என்பது சின்ன விஷயம் இல்லை. முழுப் படமே அதுக்குள்ள அடங்கியிருக்கு.

நம்ம படத்தின் முதல் நிமிடம் மூன்று வேலை செய்யணும்.

ஒன்று, இது எந்த ஊர், எந்த நேரம் என்று காட்டணும்.
இரண்டு, யாருடைய கதை என்று காட்டணும்.
மூன்று, பார்ப்பவர் மனசில் ஒரு கேள்வியை வைக்கணும்.

முதல் இரண்டையும் எல்லாரும் செய்துவிடுவார்கள். மூன்றாவதுதான் கஷ்டம். கேள்வி இல்லாவிட்டால் பார்க்கிறவர்கள் பக்கத்தில் இருப்பவரோடு பேச ஆரம்பித்துவிடுவார்கள். நம்ம பள்ளி ஆண்டு விழாவிலேயே பார்த்திருக்கோமே!

2. பெரியவர்கள் எப்படித் தொடங்கியிருக்கிறார்கள்?

அந்த நாள் (1954): எஸ். பாலசந்தர் இயக்கிய படம். பாட்டே கிடையாது. அந்தக் காலத்தில் அது பெரிய துணிச்சல். படம் தொடங்கியதும் துப்பாக்கி வெடிக்கிறது, கதாநாயகன் சிவாஜி கணேசன் சுடப்பட்டுச் செத்துப் போகிறார். கதாநாயகனே முதலில் செத்துட்டா மீதிப் படத்தில் என்ன இருக்கும்? யார் சுட்டது என்ற கேள்விதான் இருக்கும். அந்த ஒரே கேள்வி படத்தைக் கடைசி வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிறது.

16 வயதினிலே (1977): பாரதிராஜா இயக்கிய முதல் படம். மயில் ரயில் நிலையத்தில் யாருக்காகவோ காத்திருக்கிறாள். யார் வரப் போகிறார்கள்? அதைச் சொல்வதற்காகத்தான் கதை பின்னோக்கிப் போகிறது.

நீர்ப்பறவை (2012): சீனு ராமசாமி இயக்கியது. நம்ம மாவட்டத்து மணப்பாட்டில் எடுத்த படம். தொடக்கப் பகுதியில் வயதான எஸ்தர், கடலுக்குப் போன கணவனுக்காகக் கரையில் காத்திருக்கிறாள். மயில் காத்திருப்பது தண்டவாளத்தைப் பார்த்து, எஸ்தர் காத்திருப்பது கடலைப் பார்த்து. தண்டவாளத்துல ரயில் எந்தப் பக்கம் இருந்து வரும்னு தெரியும். கடல்ல அப்படிச் சொல்ல முடியாது. காத்திருப்பது ஒன்றுதான், இடம் மாறினதும் அதன் கனமே மாறிவிடுகிறது. நம்ம கடற்கரைப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியது இல்லை.

சில்ரன் ஆஃப் ஹெவன் (1997): மஜீத் மஜீதி இயக்கிய ஈரான் நாட்டுப் படம். முதல் காட்சியில் ஒரு முகம்கூடக் கிடையாது. பழைய, சின்ன, ரோஸ் நிறச் செருப்பு ஒன்றை ஒருவர் தைக்கிறார். அவருடைய கையும் செருப்பும் மட்டும்தான் தெரியும். கேமரா நகராமல் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருக்கும். பார்க்கும் நமக்கு, 'இவ்வளவு பழைய செருப்பை ஏன் தைக்கிறாங்க? புதுசு வாங்கக் காசு இல்லையோ?' என்று தோன்றும். அந்தச் செருப்பு தொலைந்து போவதுதான் கதை. ஏழை வீடு என்று யாரும் வாயால் சொல்லவில்லை, செருப்பே சொல்லிவிட்டது.

சிவப்பு பலூன் (1956): ஆல்பர்ட் லமோரிஸ் எடுத்த பிரெஞ்சுப் படம். சுமார் 35 நிமிடம் ஓடும். வசனம் மிகக் குறைவு. சாம்பல் நிறத் தெருவில் ஒரு பையன் படியிறங்கிப் பள்ளிக்கூடம் போகிறான். விளக்குக் கம்பத்தில் ஒரு பலூன் கட்டியிருக்கிறது. ஊரே சாம்பல் நிறம், பலூன் மட்டும் சிவப்பு. நம்ம கண் வேறு எங்கே போகும்?

ஐந்தையும் சேர்த்துப் பார்த்தபோது எங்களுக்கு ஒன்று புரிந்தது. ஒன்றில்கூட ஊரின் வரலாற்றைச் சொல்லித் தொடங்கவில்லை. ஒரு ஆள், ஒரு பொருள், ஒரு செயல். அதில்தான் தொடங்கியிருக்கிறார்கள்.

3. எங்கள் படமும் எங்கள் சிக்கலும்

எங்கள் படம் எங்க தெருவில் இருக்கும் ஒரு தாத்தாவைப் பற்றியது. அவங்களுக்கு இப்போ எண்பது வயசு தாண்டிவிட்டது. இளவயதில் முத்துக்குளிப்பில் கயிறு பிடித்தவர்.

முத்துக்குளிப்பு பற்றிச் சமூக அறிவியல் பாடத்தில் கொஞ்சம் படித்திருப்பீர்கள். முத்துச்சிப்பி விளையும் கடலடித் திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர். குளிப்பவர் காலைக் கல்லில் வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு கீழே போவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே இருந்து கயிறு அசைந்தால் உடனே இழுக்கணும். ஒரு நொடி கவனம் தப்பினாலும் கீழே இருப்பவர் உயிருக்கு ஆபத்து. அதனால், "கயிறு பிடிக்கிறது மச்சானா இருக்கணும்" என்று நம்ம ஊரில் சொல்வார்கள். தன் கூடப்பிறந்தவள் தாலி அந்தக் கயிற்றில் இருப்பதால் மனைவியின் அண்ணனோ தம்பியோ கயிற்றை விடமாட்டான் என்பது நம்பிக்கை. எங்க தெருத் தாத்தாவும் தன் அக்கா மாப்பிள்ளைக்குத்தான் கயிறு பிடித்தார்களாம்.

தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. அதுதான் கடைசி. அதற்குப் பிறகு பார்களில் சிப்பி போதுமான அளவு இல்லாததால் இயற்கை முத்துக்குளிப்பு நடக்கவில்லை. 1973-ல் இங்கேயுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார்கள். அது வளர்ப்பு முத்து. கடலில் இறங்கி எடுத்த முத்து 1961-ஓடு முடிந்தது.

சிக்கல் இதுதான். தாத்தா முதலில் படத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். காரணம் கேட்டோம். சில வருஷங்களுக்கு முன்னாடி வெளியூரில் இருந்து கேமராவோடு வந்த யாரோ ஒரு கூட்டத்தார், தாத்தா கையில் பிளாஸ்டிக் மணியைக் கொடுத்து, இப்பத்தான் கடலில் இருந்து முத்து எடுத்த மாதிரி சிரிக்கச் சொன்னார்களாம்.

"நான் முத்து எடுத்தவன் இல்ல மக்கா, கயிறு பிடிச்சவன். அறுபத்தொண்ணோட அதுவும் முடிஞ்சி போச்சி. இல்லாத முத்த எங்கன இருந்து எடுக்க? நீங்களும் அப்படித்தான் சொல்லுவீய" என்றார்கள்.

அப்படிச் செய்ய மாட்டோம் என்று டீச்சர் உறுதி சொன்ன பிறகு, ஒரே ஒரு காலை நேரம் மட்டும் வருவதாக ஒத்துக்கொண்டார்கள். எங்கள் கையில் இருந்தது ஒரு காலை, ஒரு போன், ஒரு வாக்கு.

அதற்கு அப்புறம்தான் எங்களுக்குள் சண்டை. எந்தக் காட்சியில் தொடங்குவது?

ஒருத்தி சொன்னாள்: "கொற்கைத் துறைமுகம், பாண்டியர் காலம், மார்க்கோ போலோ வந்தது எல்லாத்தையும் குரலில் சொல்லித் தொடங்கலாம்." இன்னொருத்தி: "பனிமய மாதா கோவில், துறைமுகம், உப்பளம், கலங்கரை விளக்கம்னு ஊர் முழுக்கக் காட்டலாம்." மூன்றாமவள்: "டிவியில் வந்த கடலுக்கடி வீடியோவை எடுத்து ஒட்டிரலாம், சூப்பரா இருக்கும்."

முதல் இரண்டிலும் தகவல் இருக்கிறது, கேள்வி இல்லை. மூன்றாவது ஏன் கூடாது என்பதை எடிட்டிங் பகுதியில் சொல்கிறேன். நாங்கள் கடைசியில் முடிவு செய்தது, தாத்தாவின் கையில். கயிறு பிடித்த கையில்.

4. கேமரா பாடம்

(அ) ஷாட் அளவு. தூரத்தில் இருந்து இடம் முழுவதும் தெரிய எடுப்பது லாங் ஷாட். இடுப்புக்கு மேலே தெரிய எடுப்பது மிட் ஷாட். முகமோ கையோ திரை முழுக்க நிறைவது குளோசப். வழக்கமாக லாங் ஷாட்டில் தொடங்கி, மிட் ஷாட் வந்து, குளோசப்பில் முடிப்பார்கள். முதலில் ஊர், அப்புறம் ஆள், அப்புறம் முகம். இதையே தலைகீழாகவும் செய்யலாம். குளோசப்பில் தொடங்கினால், 'இது எங்கே? யாருடைய கை?' என்ற கேள்வி தானாக வந்துவிடும். பதிலை லாங் ஷாட்டில் மெதுவாகக் கொடுக்கலாம்.

(ஆ) வெளிச்சம். நம்ம ஊரில் கடல் கிழக்கே இருக்கிறது. காலையில் கடலைப் பார்த்துக் கேமரா வைத்தால் சூரியன் நேரே லென்சில் அடிக்கும், ஆள் கறுப்பு நிழலாகத் தெரிவார். அது அழகுதான், ஆனால் முகம் தெரியாது. கடலுக்கு முதுகைக் காட்டி எடுத்தால் முகம் பளிச்சென்று தெரியும், ஆனால் கண் கூசித் தாத்தா கண்ணைச் சுருக்குவார்கள், கடலும் தெரியாது. நாங்கள் கேமராவை வடக்கே பார்த்து வைத்தோம். சூரியன் வலது பக்கம் இருந்து சாய்வாக அடித்தது. பக்கவாட்டு வெளிச்சத்தில் கையில் இருக்கும் ஒவ்வொரு சுருக்கமும், கயிற்றில் ஒவ்வொரு நாரும் தனித்தனியாகத் தெரிந்தது. இதற்கு லைட்டும் வேண்டாம், காசும் வேண்டாம். காலை ஆறரையில் இருந்து எட்டு மணிக்குள் எடுத்துவிடணும். பத்து மணிக்கு மேலே வெயில் தலைக்கு நேரே வந்து, கண்ணுக்குக் கீழே குழி விழுந்த மாதிரி நிழல் வரும். உப்பளத்துப் பக்கம் எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கணும். வெள்ளை உப்பு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், போன் தானாகவே படத்தை இருட்டாக்கிவிடும். திரையில் முகத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் பல போன்களில் வெளிச்ச அளவு அங்கேயே நிற்கும்.

(இ) கடல் கோடு. வானமும் கடலும் சேரும் கோடு நேராக இருக்கணும். அது சாய்ந்தால் கடல் தண்ணி ஒரு பக்கமா வழிஞ்சு ஊத்துற மாதிரி இருக்கும். பார்க்கிறவர்கள் தாத்தாவை விட்டுவிட்டு அதைத்தான் பார்ப்பார்கள். கோடு தாத்தாவின் கழுத்தை வெட்டுகிற மாதிரியும் வரக்கூடாது. கேமராவைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ வைத்தால் சரியாகிவிடும்.

(ஈ) ஆடக்கூடாது. எங்களிடம் ஸ்டாண்ட் கிடையாது. பழைய துணிப்பையில் கடற்கரை மணலை நிரப்பிக் கட்டி, அதன் மேல் போனைச் சாய்த்து வைத்தோம். கல்லு மாதிரி நின்றது. போனைப் படுக்கை வசமாகப் பிடிக்கணும், ஜூம் செய்யக் கூடாது. கிட்டத்தில் வேண்டும் என்றால் நாமதான் நடந்து கிட்டப் போகணும்.

(உ) லென்சைத் துடைக்கணும். கடற்கரைக் காற்றில் உப்பு இருக்கிறது. அரை மணி நேரத்தில் லென்சில் பனி படிந்த மாதிரி ஆகிவிடும். மெல்லிய பருத்தித் துணியால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் துடைத்தோம். இந்த வேலைக்கென்றே எங்களில் ஒருத்தியை நியமித்தோம்.

(ஊ) கற்பனைக் கோடு. இதுதான் பெரிய பாடம். தாத்தா கடலைப் பார்க்கிறார்கள். தாத்தாவுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கேமரா எப்போதும் அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில் நிற்கணும். தாண்டி மறுபக்கம் போனால், முதல் ஷாட்டில் வலது பக்கம் பார்த்த தாத்தா அடுத்த ஷாட்டில் இடது பக்கம் பார்ப்பார்கள். கடல் இடம் மாறிப் போன மாதிரி இருக்கும். "எங்க படத்தில் கடல் எப்பவும் வலது பக்கம்" என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொண்டோம்.

5. எடிட்டிங் பாடம்

சினிமாக் கேமரா ஒரு நொடிக்கு 24 படம் எடுக்கும். நம்ம போன் பெரும்பாலும் 30 எடுக்கும். அந்தப் படங்களை எங்கே வெட்டி எதோடு ஒட்டுவது என்பதுதான் எடிட்டிங்.

சுமார் நூறு வருஷத்துக்கு முன்னால் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர் ஒரு சோதனை செய்தார். ஒரு நடிகரின் முகத்தை எடுத்துக்கொண்டார். அந்த முகத்தில் எந்த உணர்ச்சியும் கிடையாது. அதற்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் சூப்பைக் காட்டினார். அப்புறம் அதே முகம், சவப்பெட்டியில் ஒரு குழந்தை. அப்புறம் அதே முகம், ஒரு பெண். பார்த்தவர்கள் முதலில் 'பசியோடு இருக்கிறார்' என்றும், அடுத்து 'துக்கத்தில் இருக்கிறார்' என்றும், மூன்றாவதில் 'ஆசையாகப் பார்க்கிறார்' என்றும் நினைத்தார்களாம். முகம் மாறவே இல்லை. பக்கத்தில் வைத்த படம்தான் மாறியது!

இதை நாங்களும் வகுப்பில் செய்து பார்த்தோம். எங்கள் தோழி ஒருத்தியின் சும்மா இருக்கும் முகம். அடுத்து சத்துணவுத் தட்டில் முட்டை. அதே முகம், அடுத்து கணக்கு விடைத்தாள். பார்த்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முதலில் "அக்காவுக்குப் பசி" என்றார்கள், அடுத்து "அக்கா பெயில் போல" என்றார்கள். அவள் எண்பத்தேழு மார்க்!

இப்போ மூன்றாவது தோழி சொன்ன யோசனைக்கு வருகிறேன். தாத்தாவின் முகத்துக்கு அடுத்து டிவியில் வந்த கடலுக்கடி வீடியோவை ஒட்டினால் என்ன ஆகும்? தாத்தா இப்பவும் கடலுக்கு நடுவில் தோணியில் இருப்பதாகவும், கீழே ஒருவர் முத்தெடுப்பதாகவும் எல்லாரும் நம்புவார்கள். நாம் வாயைத் திறந்து ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, கத்திரிக்கோலே சொல்லிவிட்டது. பிளாஸ்டிக் மணி கொடுத்தவர்கள் செய்ததும் இதுதானே? கையில் கொடுக்காமல் எடிட்டிங்கில் கொடுக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். அது மட்டும் இல்லை, அடுத்தவர் எடுத்த வீடியோவை அனுமதி கேட்காமல் எடுப்பதும் தவறு.

அதனால் எங்கள் தொடக்கத்தை இப்படி அமைத்தோம். மொத்தம் 60 நொடி.

ஷாட் 1: கறுப்புத் திரை. அலைச் சத்தம் மட்டும். 4 நொடி.
ஷாட் 2: குளோசப். வயதான கை ஒன்று கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடுகிறது. 9 நொடி.
ஷாட் 3: இன்னும் கிட்டத்தில் குளோசப். இரண்டு விரலுக்கு நடுவே கயிறு. விரல் அசையாமல் நிற்கிறது. 5 நொடி.
ஷாட் 4: தாத்தாவின் முகம். கேமராவைப் பார்க்கவில்லை. 7 நொடி.
ஷாட் 5: மறுபடியும் கை. கயிற்றை ஒரு சுற்று இழுக்கிறது. 6 நொடி.
ஷாட் 6: வள்ளத்தின் விளிம்பு. கயிறு அதைத் தாண்டிக் கீழே போகிறது. முனை தெரியாது. 5 நொடி.
ஷாட் 7: முகம். உதடு மெதுவாக எதையோ எண்ணுகிறது. 8 நொடி.
ஷாட் 8: லாங் ஷாட். வள்ளம் கடலில் இல்லை, கரை மணலில் ஏற்றி வைத்திருக்கிறது. கயிறு மணலில் நீளமாகக் கிடக்கிறது. மறுமுனையில் யாரும் இல்லை. 11 நொடி.
ஷாட் 9: 'கயிறு' என்று படத்தின் பெயர். 5 நொடி.

கூட்டிப் பாருங்கள், சரியாக இருக்கும்.

6. மறைப்பது வேறு, பொய் வேறு

இந்தப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதியபோது எங்களில் ஒருத்தி நல்ல கேள்வி கேட்டாள். "ஏழாவது ஷாட் வரைக்கும் தாத்தா கடலில் இருக்கிற மாதிரிதானே தெரியும்? இது ஏமாத்துறது இல்லையா?"

அன்றைக்கு ஒரு பீரியட் முழுக்க இதைத்தான் பேசினோம். நாங்கள் கண்டுபிடித்த பதில் இது. ஒன்றை மறைத்து வைத்தால், மறைத்ததை நாமே திறந்து காட்டணும். எட்டாவது ஷாட்டில் கேமராவைப் பின்னால் கொண்டு போய் மணலைக் காட்டிவிடுகிறோம். பார்ப்பவர் ஏமாந்தது ஒரு நிமிடம்கூட இல்லை, அந்த நேரத்தில் அவர் மனசில் கேள்வி உண்டாகிவிட்டது. பொய் அப்படி இல்லை. படம் முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் பார்ப்பவர் அதை நம்பிக்கொண்டே இருப்பார்.

இன்னொன்றும் இருக்கிறது. தாத்தாவின் கை செய்ததில் பொய்யே கிடையாது. 'நடிங்க' என்று நாங்கள் சொல்லவில்லை. "அந்தக் காலத்துல எப்படிப் பிடிப்பீங்க தாத்தா?" என்று மட்டும் கேட்டோம். கையில் கயிறு வந்ததும் விரல்கள் தானாக இடம் தேடிப் போய்ப் பிடித்தன. உதடு எண்ணியதும் நாங்கள் சொல்லித் தந்தது இல்லை. கீழே போனவர் எவ்வளவு நேரமாக உள்ளே இருக்கிறார் என்று அப்போது எண்ணுவார்களாம். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் கை மறக்கவில்லை, எண்ணிக்கையும் மறக்கவில்லை. மறுமுனையில் இருந்தவர்தான் இப்போது இல்லை. எங்கள் படத்தின் கேள்வியே அதுதான்: கயிற்றின் மறுமுனையில் யார் இருந்தார்? மீதி நான்கு நிமிடத்தில் தாத்தாவே பேசுவார்கள்.

அன்று காலை மொத்தம் 22 ஷாட் எடுத்தோம். தொடக்கத்தில் வைத்தது ஏழு மட்டும்தான். அழகான சூரிய உதயம் ஒன்றும் இருந்தது, பறவை பறந்து போகும் ஷாட் ஒன்றும் இருந்தது. இரண்டையும் எடுத்துவிட்டோம், மனசே இல்லை. ஆனால் அந்த இரண்டையும் வைத்தால் பார்ப்பவர் கண் கயிற்றை விட்டுப் போய்விடும்.

வெட்டி ஒட்டி முடித்ததைத் தாத்தாவிடம் போனில் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார்கள். "கை சரியாத்தான் இருக்கு" என்றார்கள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. எங்களுக்கு அது போதும்.

7. எங்கே வெட்டுவது?

செயலின் நடுவில் வெட்டணும். ஷாட் 4-ல் முகம். ஷாட் 5-ல் கை இழுக்கிறது. முகத்தைக் காட்டும்போதே தோள் அசையத் தொடங்கணும், அசைவின் நடுவில் கைக்கு மாறணும். அப்போது வெட்டின இடம் கண்ணுக்குத் தெரியாது. அசைவு முடிந்த பிறகு வெட்டினால் தடுக்கி விழுகிற மாதிரி இருக்கும்.

இதற்காகப் படம் எடுக்கும்போதே ஒவ்வொரு ஷாட்டிலும் செயல் தொடங்குவதற்கு மூன்று நொடி முன்னால் பதிவை ஆரம்பிக்கணும், முடிந்த பிறகு மூன்று நொடி விடணும். தையல் அக்கா துணி வெட்டும்போது தையலுக்கென்று ஓரத்தில் கொஞ்சம் துணி விடுவார்கள் இல்லையா, அது மாதிரி.

ஒரு ஷாட் எவ்வளவு நேரம் இருக்கணும் என்பதற்குக் கணக்கு கிடையாது. நாங்கள் செய்தது: பார்த்துப் புரிந்துகொள்ள எவ்வளவு நேரம் ஆகுமோ அதற்கு மேல் ஒரு மூச்சு நேரம். கடைசி லாங் ஷாட்டை மட்டும் 11 நொடி விட்டோம். ஏனென்றால் பார்ப்பவர் முதலில் தாத்தாவைப் பார்ப்பார், அப்புறம் வள்ளத்தை, அப்புறம் கயிற்றை, கயிற்றோடு கண் நடந்து மறுமுனைக்குப் போகணும். அந்தக் கண் நடக்கும் நேரம் கொடுக்கணும்.

8. சத்தமும் பாதிப் படம்

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கடற்கரையில் போனில் பேசினாலே புஸ் புஸ் என்றுதான் கேட்கும். போனின் மைக் துளைக்கு மேலே மெல்லிய ஸ்பாஞ்சு வைத்து ரப்பர் பேண்ட் போட்டோம். ஓரளவு குறைந்தது. அலைச் சத்தத்தைத் தனியாக ஒரு நிமிடம், யாரும் பேசாமல் பதிவு செய்தோம். அந்த ஒரே சத்தத்தை ஷாட் 1 முதல் 8 வரை அடியில் ஓட விட்டோம். ஷாட் மாறினாலும் சத்தம் மாறாததால் எல்லாம் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நடப்பதாகத் தெரிந்தது.

இன்னொரு உத்தி: படம் வருவதற்கு முன்பே சத்தம் வரலாம். கறுப்புத் திரையில் அலை கேட்டதும், கடல் என்று காது சொல்லிவிடும். அதனால் இரண்டாவது ஷாட்டில் கடலைக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை, நேரே கைக்குப் போய்விடலாம். பின்னணி இசை வைக்கவில்லை. தாத்தாவின் மூச்சுச் சத்தம் லேசாகக் கேட்கிறது, இசை வைத்தால் அது போய்விடும்.

9. நினைவில் வைக்க

* முதலில் கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் கேமராவைத் தொடாதீர்கள்.
* ஷாட்களைத் தீப்பெட்டி அளவுக் கட்டங்களில் வரைந்து பாருங்கள். ஓவியம் நன்றாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.
* படம் எடுக்கப் போகிறவரிடம் என்ன எடுக்கப் போகிறீர்கள் என்று முழுவதும் சொல்லுங்கள். முடித்ததும் மற்றவர்களுக்கு முன்னால் அவருக்குக் காட்டுங்கள்.
* தண்ணீருக்குள் இறங்கிப் படம் எடுக்கக் கூடாது. பெரியவர்கள் யாராவது கட்டாயம் கூட இருக்கணும்.
* பள்ளிக்குப் போன் கொண்டு வர அனுமதி இல்லை. டீச்சரிடம் கேட்டு, டீச்சருடைய போனில் மட்டும் எடுக்கணும்.

பயிற்சி

கீழே உள்ள மூன்றில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு, 30 நொடித் தொடக்கத்துக்கு ஐந்து ஷாட் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் அளவு, நொடி, சத்தம் குறிப்பிடணும். வசனம் கூடாது.

1. உப்பளத்தில் வேலைக்குப் போகும் அம்மா, விடியும் முன் வீட்டைப் பூட்டுகிறார்.
2. ஏலம் முடிந்த மீன் பிடித் துறைமுகத்தில் ஒரு பையன் எதையோ தேடுகிறான்.
3. மணி அடித்துவிட்டது. வகுப்பில் ஒரு இடம் மட்டும் காலியாக இருக்கிறது.

இந்தச் சார்ட்டுக்குக் கீழே ஒரு காகித உறை ஒட்டியிருக்கிறோம். எழுதியதைப் பெயர், வகுப்போடு வெள்ளிக்கிழமைக்குள் அதில் போடுங்கள். டீச்சர் தேர்ந்தெடுக்கும் ஒன்றை அடுத்த மாதம் நாம எல்லாரும் சேர்ந்து படமாக எடுப்போம். லென்ஸ் துடைக்க ஆள் தேவை, அதுக்கும் பெயர் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி